தன் கட்சியைத் திருத்த முயன்ற பியர்சாந்தி மத்தரெல்லா

எம்மவர் பலர் வாழும் பலெர்மோ நகரில் 2012ம் ஆண்டு மார்ச் மாதம் 4ம் திகதி ஞாயிற்றுக்கிழமை ஒரு தேர்தல் நடைபெற்றது. அது மாநகரசபைத் தேர்தல் அன்று. மாநகர முதல்வர் பதவிக்குத் தமது தரப்பில் யாரை நிறுத்துவது என்பதை மக்களிடமே கேட்டறியும் பொருட்டு மத்திய இடதுசாரிக் கட்சிகள் நடத்திய முதனிலைத் தேர்தல் அது. இத்தாலியர் இதனைப் பிறிமாரியே என்பர். ஏறத்தாழ 30,000 பேர் வரிசையில் நின்று வாக்களித்தனர்.

போட்டியிட்ட நால்வருள் இருவரிடையே கடும் போட்டி நிலவியது. ஒருவர், 1992ல் மாபியாவினால் கொல்லப்பட்ட நீதிபதி பாவுலோ பொர்செல்லீனோவின் சகோதரி ரீத்தா பொர்செல்லீனோ. அவரைக் கட்சியின் மத்திய தலைமை ஆதரித்தது. மற்றவர் பப்ரீத்சியோ பெர்ராந்தெல்லி என்னும் இளைஞர். அவரைச் சிசிலியின் கட்சித் தலைவர்களுள் ஒரு சாரார் ஆதரித்தனர். 151 வாக்குகள் வித்தியாசத்தில் பெர்ராந்தெல்லி வென்றதாக அறிவிக்கப்பட்டது. முறைகேடு நடந்ததென்ற புகார்கள் எழுந்தன. முடிவு மாறவில்லை, வாக்களித்தவர்களின் மனமும் ஆறவில்லை. தலைவர்கள் தமது உட்பகையைத் தீர்த்துக்கொள்ளத் தம்மை வரிசையில் நிறுத்திவிட்டனர் என்றே பலர் கருதினர்.

அந்தக் கசப்பின் விளைவு மே மாதத்தில் வெளிப்பட்டது. முதனிலைத் தேர்தலில் போட்டியிடாத லெயோலூக்கா ஓர்லாந்தோ தனியாகக் களமிறங்கி, இறுதிச் சுற்றில் 72 வீதத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றுப் பெர்ராந்தெல்லியைத் தோற்கடித்தார். கட்சிகள் காட்டிய வேட்பாளரை மக்கள் ஒதுக்கித் தள்ளினர்.

பலெர்மோ மக்களுக்குக் கட்சிகள் மீதுள்ள இந்தச் சினம் அன்று பிறந்ததன்று. அதன் வேர் அரை நூற்றாண்டுக்கும் அப்பால் உள்ளது. அந்த வேரைக் கண்டறிந்து, அதனைத் தன் கட்சிக்குள்ளேயே அறுக்க முற்பட்டு, அதற்காகத் தன் உயிரையே கொடுத்த ஒருவரின் வாழ்வை இன்று வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம். அவர் பெயர் பியர்சாந்தி மத்தரெல்லா. ஓர்லாந்தோ தமது இளமையில் இவருடைய சட்ட ஆலோசகராகப் பணியாற்றியவர் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது.

பிறப்பும் வளர்ப்பும்

பியர்சாந்தி மத்தரெல்லா 1935ம் ஆண்டு மே மாதம் 24ம் திகதி, திராப்பானி மாவட்டத்தின் கடலோர ஊரான கஸ்தெல்லம்மாரே தெல் கொல்போவில் பிறந்தார். தந்தையார் பெர்னார்தோ மத்தரெல்லா, சிசிலியில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவர். போருக்குப் பிந்திய இத்தாலிய அரசுகளில் பல தடவை அமைச்சராக இருந்தவர். தந்தையாருக்கு மாபியாவுடன் தொடர்புண்டு என்று சமூக சேவையாளர் தனிலோ தொல்சி 1965ல் குற்றஞ்சாட்டினார். பெர்னார்தோ தொடுத்த அவதூறு வழக்கில் தொல்சிக்கு எதிராகவே தீர்ப்பு வழங்கப்பட்டது. எனினும் அந்தப் பேச்சின் நிழல் குடும்பத்தை விட்டு எளிதில் அகலவில்லை. பெரிய இடத்துப் பிள்ளையாக அரசியலுக்குள் நுழைந்த மகனுக்குத் தன் பெயரைத் தானே தூய்மைப்படுத்தவேண்டிய சுமையும் இருந்தது எனலாம்.

பள்ளிப் பருவத்தில் குடும்பத்துடன் உரோம் நகருக்குச் சென்ற பியர்சாந்தி, கத்தோலிக்க இளைஞர் இயக்கங்களில் ஈடுபட்டு, சட்டம் பயின்று பட்டம் பெற்றார். பின்னர் பலெர்மோவுக்குத் திரும்பிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1958ல் இர்மா கியாத்சேசே என்பவரை மணந்தார். மகன் ஒருவரும் மகள் ஒருவரும் பிறந்தனர். கட்சிக்குள் அவர் பின்பற்றிய தலைவர் அல்தோ மோரோ.

தோட்டங்கள் அழிந்த நகரம்

1964ல் மத்தரெல்லா பலெர்மோ மாநகரசபைக்குத் தெரிவானார். அப்போது நகரம் இருந்த நிலையை வாசகர்கள் அறிந்துகொள்வது அவசியம்.

பலெர்மோவைச் சூழ்ந்திருந்த சமவெளி, எலுமிச்சையும் தோடையும் காய்த்துக் குலுங்கிய தோட்டங்களால் பொற்கிண்ணம் என்று பெயர் பெற்றிருந்தது. 1950களின் இறுதியில் சல்வோ லீமா மேயராகவும், வீத்தோ சான்சிமினோ பொதுவேலைகளுக்குப் பொறுப்பாளராகவும் வந்தபின் அத்தோட்டங்கள் சீமெந்துக் காடாகின. இருவரும் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியினர். ஆயிரக்கணக்கான கட்டிட அனுமதிகளுள் பெரும்பகுதி ஒருசில பெயர்களுக்கே வழங்கப்பட்டது. அப்பெயர்களுக்கு உரியவர்கள் கட்டிடத் தொழிலே அறியாத சாதாரண மனிதர்கள்; அவர்களின் பின்னால் நின்றவர்கள் வேறு. லிபெர்தா வீதியை அண்டியிருந்த அழகிய மாளிகைகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டன. புகழ்பெற்ற தெலியெல்லா மாளிகை 1959 நவம்பரில் இடித்துத் தள்ளப்பட்டது.

அந்த இடங்களில் எழுந்த தொடர்மாடிகளை எம்மவர் நன்கறிவர். 1980களில் தொடங்கி இந்நகருக்கு வந்துசேர்ந்த தமிழர் எத்தனையோ பேர், அவ்வீடுகளில் தரை துடைத்தும், சமைத்தும், முதியோரைப் பராமரித்தும் தமது பிள்ளைகளை வளர்த்தனர். தாம் துடைத்த அந்தத் தரையின் அடியில் ஒரு நகரத்தின் களவு புதைந்துள்ளது என்பதைப் பலர் அறிந்திருக்க வாய்ப்பில்லை.

அட்டைகளின் ஆட்சி

இத்தகையவர்களை மக்கள் ஏன் தொடர்ந்து தெரிவு செய்தனர் என்று வாசகர்கள் கேட்கலாம். விடை, கட்சியின் உள்ளமைப்பில் இருந்தது.

கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியில் வேட்பாளரையும் நிர்வாகிகளையும் தீர்மானித்தது உறுப்புரிமை அட்டை. இத்தாலியர் இதனைத் தெசரா என்பர். யாரிடம் அதிகமான அட்டைகள் உள்ளனவோ, அவரிடமே கட்சி மாநாட்டில் அதிகமான வாக்குகள். பலெர்மோவில் 1950களில் ஜொவான்னி ஜோயா என்பவர் மாவட்டச் செயலாளராக இருந்தபோது அட்டைகளின் தொகை பெருகியது. தலைவர்கள் அட்டைகளைக் கட்டுக்கட்டாக வாங்கித் தமது கையில் வைத்துக்கொண்டனர். தம் பெயரில் அட்டை இருப்பதையே அறியாத உறுப்பினர்களும் இருந்தனர். வேலை, ஓய்வூதியம், கடை அனுமதி, வைத்தியசாலைக் கட்டில் என ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவரின் வாசலில் நிற்கவேண்டியவன், அந்தத் தலைவர் கேட்கும்போது கையொப்பமிட மறுப்பது எப்படி?

பொதுத்தேர்தலிலும் இதே பிடி நீடித்தது. கட்சிக்கு வாக்களித்த பின்னர், அதன் பட்டியலிலிருந்து மூன்று நான்கு பேருக்கு விருப்பு வாக்கு அளிக்கும் முறை அன்று இத்தாலியில் இருந்தது. இலங்கையில் 1989 பொதுத்தேர்தல் முதல் விருப்பு வாக்கைக் கண்ட எமக்கு இது விளங்காததன்று. ஆனால் சிசிலியில் அது ஒரு கண்காணிப்புக் கருவியாயிற்று. இன்ன குடும்பம் இன்ன பெயர்களை இன்ன ஒழுங்கில் எழுதவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தால், எண்ணும்போது அந்தக் குடும்பம் சொன்னபடி செய்ததா என்பது தெரிந்துவிடும். இரகசிய வாக்கு என்பது பெயரளவில் மட்டுமே எஞ்சியது.

ஆகவே வாக்காளர் வாக்குச்சாவடிக்கு வருமுன்னரே தேர்தல் முடிந்துவிடுகின்றது. கதவைக் காப்பவன் யாரை உள்ளே விடுகின்றானோ, அவர்களுள் ஒருவரையே மக்கள் தெரிவு செய்யமுடியும். மத்தரெல்லா தமது கட்சிக்குள் கண்ட நோய் இதுவே.

ஒழுங்கான பத்திரங்கள்

1967ல் அவர் சிசிலியின் பிராந்தியச் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். 1971 முதல் பிராந்திய அரசின் வரவு செலவுத் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்தார். 1978 பெப்ரவரியில் பிராந்திய முதல்வரானார். அப்போது அவருக்கு வயது 42.

சிசிலித் தீவுக்கு 1946ம் ஆண்டிலேயே விசேட சுயாட்சி வழங்கப்பட்டு, 1947ல் அதன் சட்டமன்றத்துக்கு முதல் தேர்தல் நடைபெற்றது. காணி, கட்டிட அனுமதி, விவசாயம், பொதுவேலைகள் ஆகிய பல துறைகள் அதன் கையிலேயே இருந்தன. சுயாட்சி கேட்டு நெடுங்காலம் போராடிய ஓர் இனத்தவராகிய எமக்கு இது ஏக்கத்தைத் தரும் செய்தி. ஆனால் சிசிலியின் வரலாறு வேறொரு பாடத்தையும் கூறுகின்றது. அதிகாரம் உரோம் நகரிலிருந்து பலெர்மோவுக்கு வந்தது உண்மை. பலெர்மோவில் அது மக்களிடம் வந்துசேரவில்லை. இடையில் கட்சித் தலைவர்களும் ஒப்பந்தகாரர்களும் அவர்களின் பின்னால் மாபியாவும் நின்றனர்.

மத்தரெல்லா ஓயாது வலியுறுத்திய கருத்து ஒன்று உண்டு. உரோமிடம் உரிமை கேட்கும் சிசிலி, முதலில் தன்னுடைய பத்திரங்களை ஒழுங்காக வைத்திருக்கவேண்டும் என்பதே அது. பத்திரங்களை ஒழுங்காக வைத்திருப்பதன் அருமையை அகதியாய் வாழ்ந்தவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை.

அவர் சொன்னதைச் செய்யவும் முற்பட்டார். கம்யூனிஸ்ட் கட்சியின் வெளி ஆதரவுடன் ஆட்சி நடத்தினார். 1978 ஓகஸ்டில் பொதுவேலை ஒப்பந்தங்களை ஒழுங்குபடுத்தும் சட்டமும், அதே ஆண்டு டிசம்பரில் நகர அமைப்புச் சட்டமும் நிறைவேறின. இரண்டாவது சட்டம், நிலத்தில் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு வரம்பு விதித்து, நில வியாபாரிகளின் இலாபத்தில் நேரடியாகவே கைவைத்தது.

1979ல் பலெர்மோவில் நடந்த விவசாய மாநாடு ஒன்றில் கம்யூனிஸ்ட் தலைவர் பியோ லா தோரே, பிராந்திய விவசாய அமைச்சு ஊழலின் இருப்பிடம் என்று மேடையிலேயே கடுமையாகச் சாடினார். முதல்வர் என்ற முறையில் மத்தரெல்லா தமது அமைச்சைக் காத்துப் பேசுவார் என்றே அனைவரும் எதிர்பார்த்தனர். அவரோ லா தோரே கூறியதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொண்டார். மண்டபம் திகைத்தது. தம் கட்சியின் தவற்றை எதிர்க்கட்சிக்காரரின் முன்னிலையில் ஏற்றுக்கொள்ளும் தலைவரை அந்நகரம் அதற்குமுன் கண்டதில்லை.

தனித்து நின்ற மாதங்கள்

1978 மே மாதத்தில் அல்தோ மோரோ செம்படையினரால் கொல்லப்பட்டபோது மத்தரெல்லா தமது அரசியல் வழிகாட்டியை இழந்தார். 1979 மார்ச் 9ம் திகதி, கட்சியின் பலெர்மோ மாவட்டச் செயலாளர் மிக்கேலே ரெயினா சுட்டுக்கொல்லப்பட்டார். யூலையில் பொலிஸ் அதிகாரி போரிஸ் ஜூலியானோ, செப்டெம்பரில் நீதிபதி சேசரே தெர்ரனோவா என அடுத்தடுத்துக் கொலைகள் நிகழ்ந்தன.

இந்நிலையில் சான்சிமினோ கட்சிக்குள் மீண்டும் செல்வாக்குப் பெற முயன்றார். மத்தரெல்லா அதனைத் தடுக்கத் துணிந்தார். 1979 ஒக்டோபர் இறுதியில் உரோம் சென்று, உள்நாட்டு அமைச்சர் வெர்ஜீனியோ ரொன்யோனியைச் சந்தித்து, பலெர்மோவில் தமது கட்சியின் நிலை குறித்தும் சான்சிமினோவின் மீள்வருகை குறித்தும் தமது கவலைகளை எடுத்துரைத்தார். அப்பயணத்திலிருந்து திரும்பிய அவர், தமக்கு ஏதேனும் நேர்ந்தால் இந்தச் சந்திப்பை நினைவில் வைத்திருக்கும்படி தமது அலுவலகத்தின் நம்பிக்கைக்குரிய அதிகாரியிடம் கூறிவைத்தார். தமக்கு வரப்போவதை அவர் அறிந்தேயிருந்தார்.

அதே காலத்தில், பலெர்மோவில் ஆறு பாடசாலைகளைக் கட்டுவதற்கான ஒப்பந்தங்களைப் பரிசோதிக்க உத்தரவிட்டார். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரேயொரு நிறுவனமே கேள்விப்பத்திரம் சமர்ப்பித்திருந்தது. மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ளவேண்டும் என்று எங்கோ தீர்மானிக்கப்பட்டிருந்தது என்பதே இதன் பொருள்.

மூவிராசாக்கள் திருநாள்

1980 ஜனவரி 6ம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கத்தோலிக்கரான எம்மவர் மூவிராசாக்கள் திருநாள் என அழைக்கும் நாள். திருநாட்களில் மெய்ப்பாதுகாவலர் தம் குடும்பத்தாருடன் இருக்கட்டும் என்று அவர்களை அனுப்பிவிடுவது மத்தரெல்லாவின் வழக்கம். லிபெர்தா வீதியிலுள்ள வீட்டின் முன்னால் மனைவி, பிள்ளைகள், மாமியார் ஆகியோருடன் பூசைக்குச் செல்லத் தமது பியட் காரில் ஏறினார். அவ்வேளை அணுகிய ஒருவன் கார்க்கண்ணாடியினூடாகச் சுட்டான். சற்று நேரத்தில் வைத்தியசாலையில் அவர் உயிர் பிரிந்தது. வயது 44.

ஓடிவந்த தம்பி, குருதியில் நனைந்த தமையனைக் காருக்குள்ளிருந்து தாங்கியெடுத்தார். அக்காட்சியைப் புகைப்படக் கலைஞர் லெத்தீத்சியா பத்தாலியா பதிவு செய்தார். அந்தத் தம்பியே 2015ல் இத்தாலியக் குடியரசின் அதிபராகத் தெரிவாகி, 2022ல் இரண்டாவது தடவையும் தெரிவான சேர்ஜியோ மத்தரெல்லா.

கொலைக்கு உத்தரவிட்டவர்கள் என மாபியாத் தலைமையைச் சேர்ந்த தோத்தோ றீனா உள்ளிட்டோருக்கு 1995ல் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. சுட்டவர் இன்னார் என்று அவ்வழக்கில் நிறுவப்படவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட தீவிர வலதுசாரிகள் இருவர் விடுதலையாயினர். ஏழு தடவை பிரதமராக இருந்த ஜூலியோ அந்த்ரெயோத்தி மீதான வழக்கில் 2003ல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பு மேலும் அதிர்ச்சியூட்டியது. மத்தரெல்லாவின் மீது மாபியாவுக்கிருந்த பகையை அந்த்ரெயோத்தி மாபியாத் தலைவர்களின் வாயிலாகவே அறிந்திருந்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 1980 வசந்தகாலம் வரையிலான அவரது தொடர்புகள் குற்றமே எனினும், காலம் கடந்துவிட்டமையால் தண்டிக்க இயலாது எனவும் அது கூறியது. தன் கட்சியைத் திருத்த முயன்றவரைக் கொல்லத் திட்டமிட்டவர்களுடன் அதே கட்சியின் உச்சியில் இருந்தவர் பேசிக்கொண்டிருந்தார் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

விதைத்தது வீண்போகவில்லை

மேடையில் மத்தரெல்லா ஒப்புக்கொண்ட உண்மையை உரைத்த லா தோரே 1982 ஏப்ரல் 30ல் கொல்லப்பட்டார். மாபியாவின் சொத்துக்களைப் பறிமுதல் செய்ய அவர் முன்மொழிந்த சட்டம், அவ்வாண்டு செப்டெம்பரில் அவர் பெயரும் ரொன்யோனியின் பெயரும் இணைந்து நிறைவேறியது. ஓர்லாந்தோ 1985ல் மேயரானார். 1990ல் ஏறத்தாழ 70,000 விருப்பு வாக்குகளைப் பெற்ற பின்னரும் கட்சித் தலைமை அவரை மீண்டும் மேயராக விடவில்லை. அவர் கட்சியை விட்டு வெளியேறிப் புதிய இயக்கம் தொடங்கினார். 1993ல் மேயரை மக்களே நேரடியாகத் தெரிவு செய்யும் முறை வந்தபோது, முதற் சுற்றிலேயே 75 வீத வாக்குகள் அவருக்குக் கிடைத்தன.

விருப்பு வாக்குகளை ஒன்றாகக் குறைக்கும் பொதுசன வாக்கெடுப்பு 1991 யூன் 9ம் திகதி நடந்தது. வாக்களிக்கச் செல்லாமல் கடற்கரைக்குச் செல்லுமாறு சோசலிசத் தலைவர் பெத்தீனோ கிராக்சி மக்களுக்கு யோசனை கூறினார். மக்களுள் 62 வீதத்துக்கும் மேலானோர் வாக்குச்சாவடிக்கே சென்றனர். அவர்களுள் 95 வீதத்தினர் ஆம் என்றனர். மூன்றாண்டுகளுக்குள் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியே கலைந்துபோயிற்று. லீமா 1992 மார்ச்சில் மாபியாவினாலேயே சுட்டுக்கொல்லப்பட்டார். சான்சிமினோ அதே ஆண்டில் மாபியாத் தொடர்புக்காகத் தண்டிக்கப்பட்டார்.

எமக்கு உரியது

கட்சிக் கதவைத் தலைவர்களின் கையிலிருந்து மக்களின் கைக்கு மாற்றும் ஒரு வழியாகவே 2005ல் முதனிலைத் தேர்தல் இத்தாலி முழுவதும் நடத்தப்பட்டது. அன்று நாற்பது இலட்சத்துக்கும் அதிகமானோர் வாக்களித்தனர். ஆனால் அட்டையைக் கட்டுக்கட்டாக வாங்கிய பழக்கம், வாக்காளரைக் கூட்டம் கூட்டமாக அழைத்துவரும் பழக்கமாக மாறினால், கதவு மட்டுமே புதியது, காவற்காரன் பழையவனே. 2012ல் பலெர்மோ மக்கள் கொண்ட ஐயமும் இதுவே.

வாக்கின் மீது நம்பிக்கை இழந்தவர்கள் நாம். யாழ்ப்பாணத்தில் 1981 யூன் மாத மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலில் வாக்குப்பெட்டிகளுக்கு நேர்ந்த கதியை எம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். ஆதலால், எல்லோரும் ஒன்றுதான் என்று கூறி ஒதுங்கிக்கொள்வது எமக்கு எளிது. ஆனால் பலெர்மோவில் பலர் ஒதுங்கியிருந்ததே அட்டைக்கட்டுகளை வைத்திருந்தவர்களுக்கு வசதியாயிற்று என்பதை மத்தரெல்லாவின் வாழ்வு உணர்த்துகின்றது.

மத்திய இடதுசாரிகளின் விதிகள், வதிவிட அனுமதி பெற்ற வெளிநாட்டவரும் முதனிலைத் தேர்தலில் வாக்களிக்க இடமளித்துள்ளன. பலெர்மோ மாநகரசபை 2013ல் வெளிநாட்டு வதிவாளர்களே தெரிவு செய்யும் பண்பாடுகளின் ஆலோசனைச் சபையையும் அமைத்தது. இந்நகரில் பிறந்து வளர்ந்த எம் பிள்ளைகளோ 18 வயதில் குடியுரிமை கோரி முழு வாக்குரிமை பெறலாம். எவராவது அவர்களிடம் வந்து, பெயரையும் கையொப்பத்தையும் மட்டும் தந்தால் போதும், மற்றவற்றைத் தாம் பார்த்துக்கொள்வதாகக் கூறுவாராயின், அந்தப் பேச்சு இந்நகரில் எங்கிருந்து தொடங்கி எங்கு முடிந்தது என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கவேண்டும்.

ஆண்டுதோறும் ஜனவரி 6ம் திகதி லிபெர்தா வீதியில் அவர் வீழ்ந்த இடத்தில் மலர்வளையம் வைக்கப்படுகின்றது. வேலைக்குச் செல்லும் வழியில் அவ்விடத்தைக் கடக்கும் எம்மவர் ஒரு கணம் நின்று செல்வார்களாக.